வீழ்ந்தோனைத் தூக்குதல்: விளையாட்டு விதியும் உழைப்பும்

விளையாட்டு விதிகளை ஆய்வுப் பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் மனிதர் ஒருவருக்கொருவர் எவ்வாறு கடமைப்பட்டுள்ளனர் என்பது பற்றிய கருத்தொன்று ஒவ்வொரு விதியிலும் உறைந்து கிடக்கின்றது. மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடையின் துணையுடன் கதை வளர்க்கும் விளையாட்டுகளிலே, போரின் நடுவே தோழன் வீழும்போது ஏனையோர் செய்யக்கூடியதை வரையறுக்கும் விதிகளை இந்நோக்கில் ஆராய்வோம்.

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடியான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ், கேரி கைகக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகியோரால் ஆக்கப்பெற்று 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் வேர்கள் போர் விளையாட்டிலே உள்ளன. 1971இல் வெளியான செயின்மெயில் என்னும் போர் விளையாட்டின் பெருஞ்சமர் விதிகளில் ஓர் உருவம் இருபது வீரரைக் குறித்தது. வீழ்ந்த உருவம் களத்தினின்றும் அகற்றப்பட்டது, அவ்வளவே. தளபதியின் பார்வையில் வீரன் வெறும் எண்ணிக்கை. ஆட்டக்காரர் ஒருவர் ஒரேயொரு பாத்திரத்தின் வாழ்வைத் தமதாக்கிக்கொண்டபோதே வீழ்ந்தவன் பற்றிய வினா கூர்மையுற்றது. ஆயினும் 1974ஆம் ஆண்டு விதிகளில் உயிர்ப்புள்ளிகள் தீர்ந்தால் மரணமே.

1979இல் வந்த நடுவர் கைந்நூல் இவ்வினாவுக்கு விடையளித்தது. சரியாகப் பூச்சியத்தை எய்தியவன் உணர்விழப்பான். சுற்றுக்கு ஒரு புள்ளியாக மேலும் இழந்து, பூச்சியத்திற்குக் கீழே பத்தை அடையின் இறப்பான். தோழனொருவன் காயத்தைக் கட்டினால் இழப்பு நிற்கும். மீண்டவன் ஒரு வாரமேனும் ஓய்ந்திருத்தல் வேண்டும். 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ, வீழ்ந்தவன் தன் முறைதோறும் இருபது முகப் பகடையை உருட்டுவான். பத்தோ அதற்கு மேலோ விழின் வெற்றி. மூன்று வெற்றிகள் அவனை நிலைப்படுத்தும். மூன்று தோல்விகள் கொல்லும். தோழன் தன் செயலைச் செலவிட்டு, மருத்துவத் திறன் சோதனையில் பத்தை எட்டினால் அவனை நிலைப்படுத்தலாம். குணமாக்கும் மந்திரம் ஒரு புள்ளியை அளித்தாலும் அவன் உணர்வு பெற்று மீண்டும் போரிடுவான்.

இவ்விரு விதிகளுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு: காயத்தைக் கட்டும் கை அக்கணத்தில் வாளை வீச முடியாது. பரிவு என்பது வெறும் உணர்வன்று. அது காலத்தை விலையாகக் கொள்ளும் உழைப்பு. இதனை வெளிப்படையாகக் கணக்கிலெடுத்தமையே இவ்விதிகளின் சிறப்பாகும்.

வேறுபாடு, மீண்டபின் எஞ்சும் சுமையிலே உள்ளது. 1979இல் அச்சுமை குழு முழுவதையும் தாமதிக்கச் செய்தது. 2014இல் அது பெரும்பாலும் மறைந்தது. பூச்சியத்திற்குக் கீழான சேதம், மிகப் பெரிய அடியன்றேல், கணக்கிற் கொள்ளப்படுவதில்லை. ஆகவே தோழன் வீழும்வரை காத்திருந்து பின் தூக்குவதே சிக்கனமானது என்ற கணிப்பு ஆட்டக்காரரிடையே வேரூன்றியது. இதனை அவர்தம் இரக்கமின்மையாகக் கொள்வது தவறு. விதியின் அமைப்பே இந்நடத்தையைத் தோற்றுவிக்கின்றது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் குணமாக்கும் மந்திரங்கள் சிலவற்றின் வலிமையைக் கூட்டியபோதும் அடிப்படை மாறவில்லை.

பழைய விதியைப் பொற்காலமாக்குவது எமது நோக்கமன்று. பூச்சியத்தைத் தாண்டி ஆழமாக விழுந்த அடி அன்று உடனே உயிரைப் பறித்தது. உதவிக்கு இடமே இருக்கவில்லை. உதவியை இயலச்செய்வதில் புதிய விதி முன்னேற்றமே. ஆனால் காயத்தின் விளைவை அழித்துவிட்டு உதவியை மாத்திரம் எளிதாக்கும்போது, தோழமை கொடுக்கல் வாங்கற் கணக்காகக் குறுகுகின்றது. மீண்டெழுவோர்க்குச் சோர்வு நிலையொன்றைத் தாமாகவே விதித்துக்கொள்ளும் ஆட்டக்குழுக்கள் உள்ளன. வீழ்ந்தவனின் வலியைக் கூட்டாகச் சுமத்தல் வேண்டும் என்பதை அவர்கள் நடைமுறையிற் கண்டுகொண்டனர் என்றே நாம் கருதுகின்றோம்.