பெயர் மாற்றமும் அரசிதழும்

வேதம் என்பது மறை. அசலம் என்பது மலை. வேதாசலம் என்னும் தம் பெயரை இவ்வாறு தமிழாக்கி மறைமலையடிகள் (1876–1950) ஆனார், தனித்தமிழ் இயக்க முன்னோடி. அன்று அவர்தம் உறுதியே போதுமானதாக இருந்தது. இன்றோ, ஆவணங்களில் புதுப்பெயர் ஏற்கப்படுவதற்குப் பொதுவாக அரசிதழ் அறிவிப்புத் தேவை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேங்கிக்காலில் வாழும் மாணவர் ஒருவர் தம் பெயரை மாற்ற விரும்பினால், எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ காப்பாளரோ விண்ணப்பிப்பர்.

இதனால் எழுத்துப்பிழை நீங்கும். இழிவு சுமத்தும் பெயர் அகலும். திருநர் தமக்குரிய பெயரைப் பெறுவர். ஆயினும், பழைய சான்றிதழ்களில் பழைய பெயரே நிற்பின், அவற்றுடன் அரசிதழ்ப் படியையும் காட்ட நேரும். ஓர் ஆவணத்தை மாற்றி மற்றொன்றை மறந்தால், ஒருவரே இருவராகத் தோன்றுவர். கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும் தடைபடலாம். பெயரை மாற்றுவது உரிமை. எல்லா ஆவணங்களிலும் அதனை ஒன்றாக்குவது கடமை.