பேட்டரி தெளிப்பான் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கைப்பிடியை அடித்து அடித்துத் தோள் வலிக்க மருந்து தெளித்த நிலை மாறி, பேட்டரியில் இயங்கும் முதுகுத் தெளிப்பான்கள் சிறு விவசாயிகளிடையே பரவி வருகின்றன. காய்கறித் தோட்டம் வைத்திருப்போர் பலர் இக்கருவியைக் கையில் தூக்கிப் பார்க்காமலேயே, கைபேசியில் நட்சத்திரங்களையும் மதிப்புரைகளையும் பார்த்து வரவழைத்துக் கொள்கின்றனர். மருந்து கலக்கிய பிறகு பாதி வயலில் தெளிப்பான் நின்றுவிட்டால், போவது கருவிக்குக் கொடுத்த பணம் மட்டுமன்று. ஆகவே இந்த மதிப்புரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்து கொள்வது அவசியம்.

மதிப்புரைகளில் பல, பொருள் வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் எழுதப்படுபவை. 'சீக்கிரம் வந்தது, கட்டு நன்றாக இருந்தது' என்பது கொண்டு வந்தவருக்குத் தரும் பாராட்டாகும். மாடியில் பத்துத் தொட்டிகளுக்குத் தெளித்தவரும், ஒரு ஏக்கர் கத்தரிக்குத் தெளித்தவரும் ஒரே ஐந்து நட்சத்திரத்தைத்தான் போடுகின்றனர். 16 லிட்டர், 18 லிட்டர் என்று வெவ்வேறு கருவிகளின் மதிப்புரைகள் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதும் உண்டு. கூலிக்கு எழுதப்படும் புகழுரைகளும் இருக்கின்றன. இதனைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டது. ஆயினும், விற்பனைத் தளங்கள் தாமாக முன்வந்து ஏற்கும் விதியாகவே அது வெளியிடப்பட்டது.

'ஒரு சார்ஜில் 20 டேங்க்' என்ற விளம்பரத்தையே எடுத்துக் கொள்வோம். பொதுவாக இக்கருவிகளில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். பம்பு 2.5 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாக வைத்துக் கொண்டால், புதிய பேட்டரி ஏறக்குறைய 3 மணி 12 நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வெளியேற்றும் நாசிலைப் போட்டால் 16 லிட்டர் டேங்க் 8 நிமிடத்தில் காலியாகிவிடும். 20 டேங்க் தெளித்த பின்னும் சார்ஜ் மிஞ்சும். நிமிடத்துக்கு 1 லிட்டர் வெளியேற்றும் நாசிலில் அதே பேட்டரி 12 டேங்க்தான் தரும். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளிக்க வேண்டுமானால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம் ஆகும். புதிய பேட்டரியே கடைசி டேங்கில் தடுமாறும். ஓராண்டு பழகிய பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருபது டேங்க் என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எந்த நாசிலைப் போட்டார் என்று எழுதவில்லை, அவ்வளவே.

எனவே நட்சத்திரங்களின் சராசரியை விட்டுவிட்டு, இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் படிப்பது நலம். ஒரே குறை, ஸ்விட்ச் எரிவதோ தோள்பட்டைக் கொக்கி அறுவதோ, பலரால் வெவ்வேறு மாதங்களில் சொல்லப்பட்டிருந்தால் அதனை நம்பலாம். ஆறு மாதம் கழித்து எழுதப்பட்ட ஒரு மதிப்புரை, முதல் வாரத்தில் எழுதப்பட்ட ஐம்பதை விட மேலானது. பக்கத்துத் தோட்டக்காரரையும் கேட்கலாம். ஆனால் ஏமாந்ததை ஒப்புக் கொள்ள யாருக்கும் மனம் வராது. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்பதை விட, 'இதுவரை என்னென்ன பாகம் மாற்றினீர்கள், எங்கே கிடைத்தது?' என்று கேட்டால் உண்மை வரும்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும், ஆந்திராவின் அனந்தபுரம் மாவட்டத்தில் கார்லதின்னையிலும் உள்ள மத்திய அரசு நிலையங்கள் பண்ணைக் கருவிகளைச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றன. வாங்கப்போகும் மாடலுக்கு அத்தகைய அறிக்கை உண்டா என்று விற்பனையாளரிடம் கேட்கலாம். பெயர் ஒன்றாக இருந்து மாடல் எண் வேறாக இருந்தால் அந்த அறிக்கை பயன்படாது.

கருவி வந்தவுடன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மருந்து கலக்காமல் வெறும் தண்ணீரில் சோதிக்க வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்து, நாசிலை ஒரு வாளிக்குள் பிடித்து, ஒரு நிமிடத்தில் விழும் நீரை அளக்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை அளந்து சராசரியைக் குறித்துக் கொள்ளவும். பிறகு வழக்கமான நடையில் தெளித்துக் கொண்டே போய், எத்தனை டேங்கில் நீர்த்தாரை தளர்கிறது என்று பார்க்க வேண்டும். குறித்து வைத்த அளவு பின்னரும் உதவும். நாளடைவில் நாசிலின் வெளியேற்றம் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் அது தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். களைக்கொல்லிக்கு விசிறி நாசிலும், பூச்சி மருந்துக்குக் கூம்பு நாசிலும் ஏற்றவை.

எடையையும் மறக்கலாகாது. 16 லிட்டர் நீரே 16 கிலோ. பேட்டரியும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். தெளிக்கப் போகிறவர் யாரோ, அவர் முதுகில் நீர் நிரப்பி மாட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஈய-அமில பேட்டரியைத் தெளிப்பு இல்லாத காலத்திலும் மாதம் ஒரு முறை சார்ஜ் செய்து வைக்க வேண்டும்; சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் கெட்டுவிடும். பில்லில் மாடல் எண்ணும், பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக் கொள்ளவும். தகராறு ஏற்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.