வெங்காரத்தில் ஓடிய வண்டி

2001-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனியார் ‘நேட்ரியம்’ என்ற பெயரில் ஒரு வாகனத்தைக் காட்சிக்கு வைத்தபோது, அதன் தொட்டியில் பெட்ரோலும் இல்லை, பெரும் அழுத்தத்தில் அடைத்த வாயுவும் இல்லை. வெங்காரத்திலிருந்து, ஆம், நம் நகைப்பட்டறைகளில் பற்றவைப்பதற்குத் தூவுகிறார்களே அதே வெங்காரத்திலிருந்து, தயாரிக்கப்படும் சோடியம் போரோஹைட்ரைடு என்ற வெண்பொடியைக் கரைத்த நீர் மட்டுமே இருந்தது.

இப்பொடியின் பூர்வ சரித்திரம் சுவாரசியமானது. 1936-இல் பட்டம் பெற்ற ஹெர்பர்ட் பிரவுன் என்ற மாணவருக்கு, பின்னாளில் அவர் மனைவியான சாரா, கடையிலிருந்த இரசாயன நூல்களிலேயே விலை குறைந்தது என்ற ஒரே காரணத்தால் போரான் ஹைட்ரைடுகளைப் பற்றிய நூலொன்றைப் பரிசளித்தார். அந்தச் சிக்கனம் அவரை ஆசிரியர் ஷ்லெசிங்கரிடம் சேர்ப்பித்து, யுத்த காலத்தில் சிகாகோவில் இப்பொடியைக் கண்டறியச் செய்து, 1979-இல் நோபல் பரிசு வரை கொண்டுபோய் விட்டது!

சிறிது காரம் சேர்த்தால் சாதுவாகக் கிடக்கும் இப்பொடியின் கரைசல், ருதேனியம் பூசிய ஊக்கியின்மேல் பாய்ந்த மாத்திரத்தில் சூடேறிக் குமிழ்விட்டு ஹைட்ரஜனைக் கக்குகிறது. அதில் சரிபாதி தண்ணீரே ஈந்தது என்பது விசேஷம். அவ்வாயு எரிமின்கலத்தில் பிராணவாயுவோடு கூடி மின்சாரமாகிச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தேவைப்படும்போது தேவையான அளவே வாயு பிறப்பதால் வெடித்துவிடுமோ என்ற பயமும் குறைவு.

ஆயினும் விறகு எரிந்தால் கைப்பிடிச் சாம்பல்தான் மிஞ்சுமென்ற நம் அனுபவம் இங்கே தலைகீழாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறச் சுமார் 4.7 கிலோ பொடி செலவானால், மிஞ்சும் போரேட் உப்போ 8 கிலோவுக்கு மேல். தண்ணீர் போதாவிடில் அது குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதை இறக்கிவைத்து, ஆலைக்குத் திருப்பியனுப்பி, மறுபடியும் பொடியாக்க வேண்டும். அதற்கு வேண்டிய சோடியம் உலோகமோ மின்சாரத்தை அபரிமிதமாக விழுங்குவது. வண்டிக்குள் நடந்த இரசாயனத்தில் குற்றமில்லை. வண்டிக்கு வெளியே ஆகும் செலவுதான் இம்முயற்சியைக் கவிழ்த்தது என்பது என் அபிப்பிராயம்.

2007 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை, வாகனங்களுக்கு இவ்வழி உதவாதென்று கைவிடப் பரிந்துரைத்தது. 2014-இல் விற்பனைக்கு வந்த ஹைட்ரஜன் காரான டொயோட்டா மிராய், அவ்வாயுவை 700 பார் அழுத்தத்தில் அடைத்த உருளைகளையே சுமந்து வந்தது. வெண்பொடியோ இன்று காகித ஆலைகளில் கூழை வெளுப்பதற்கும் மருந்துத் தயாரிப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறது.