பூட்டைப் போடு... சாவி உன் பாக்கெட்ல!

ஒரு சீன் யோசிங்க மக்களே. கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். நைட் ஷிப்ட், மணி இரண்டரை. கார்டிங் மெஷின் ஒன்று அடம்பிடித்து நின்றுவிட்டது. ஃபிட்டர் அண்ணன் ஸ்டாப் பட்டனைத் தட்டிவிட்டு, ஸ்பேனரோடு உள்ளே கையை விடுகிறார். அந்தப் பக்கம் நிற்கிற ஹெல்பர் தம்பிக்கு இது தெரியாது. ‘அட, மெஷின் சும்மா நிக்குதே’ என்று அவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்..?

அந்த ‘அழுத்தினால்’ நடக்காமல் இருக்க ஒரு பூட்டு, ஒரு அட்டை, கொஞ்சம் பயிற்சி போதும். இதற்குப் பெயர் ‘லாக்-அவுட் டேக்-அவுட்’. சுருக்கமா லோட்டோ. ஷூ கம்பெனி இல்ல பாஸ், உயிர் சமாசாரம்!

ஸ்டாப் பட்டன் ஒரு ஏமாத்துக்காரன்!

ஸ்டாப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்? கன்ட்ரோல் சர்க்யூட் கட் ஆகும், கான்டாக்டர் விலகும், மோட்டார் நிற்கும். அவ்வளவுதான். கான்டாக்டருக்கு மேல் பக்கம் 415 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். பேனல் கதவைத் திறந்தால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால் பட்டனை அழுத்தியும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சென்சார், டைமர், பி.எல்.சி. என்று எங்கிருந்தோ வருகிற ஒரு சிக்னல், நின்ற மெஷினை மறுபடி கிளப்பிவிடவும் செய்யும். அதனால் மெயின்டனன்ஸ் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: ஸ்டாப் வேற, ஐசொலேஷன் வேற.

உயிர் போக எத்தனை மில்லி ஆம்பியர்?

ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச ஓம்ஸ் லா ஞாபகம் இருக்கா? கை ஈரமாக, வியர்வையோடு இருந்தால் உடம்பின் ரெசிஸ்டன்ஸைத் தோராயமா 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். சின்ன நம்பர் மாதிரி தெரியுதுல்ல?

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தன்னார்வலர்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்தவர். கம்பியைப் பிடித்த கையை எத்தனை மில்லி ஆம்பியர் வரை விடுவிக்க முடியும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஆண்களுக்குச் சராசரியா 16, பெண்களுக்கு 10.5 என்று விடை வந்தது. அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும். ‘கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்று ஊரில் சொல்கிறோமே, அது இதுதான். கரண்ட் இழுப்பதில்லை, நம் விரலே விட மறுக்கிறது. 50, 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பிவிடலாம். இப்போ அந்த 230-ஐ மறுபடி பாருங்க!

‘அதான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கே’ என்று வீட்டு ஞாபகத்தில் சொல்லாதீங்க. அது எர்த்துக்குக் கசிகிற கரண்ட்டைத்தான் பார்க்கும். பேனலில் ஒரு கை ஆர் ஃபேஸிலும் இன்னொரு கை ஒய் ஃபேஸிலும் பட்டால், அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு லோடு. அவ்ளோதான்.

ஆறே ஸ்டெப்!

1. சொல்லு: மெஷினை நிறுத்தப் போகிறோம் என்று ஆபரேட்டர், சூப்பர்வைசர் எல்லோருக்கும் தெரியணும்.

2. நிறுத்து: வழக்கமான முறையில் ஆஃப் செய்.

3. பிரி: மெயின் ஐசொலேட்டரை ஆஃப் பண்ணு. ஜென்செட், யு.பி.எஸ்., பக்கத்துப் பேனலிலிருந்து வருகிற கன்ட்ரோல் சப்ளை என்று எல்லா வழியையும் பிரி.

4. பூட்டு: ஐசொலேட்டரில் உன் சொந்தப் பூட்டு. கூடவே பெயர், தேதி, காரணம் எழுதின அட்டை. சாவி உன் பாக்கெட்ல. நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் கழற்றும் வரை மெஷின் ஓடாது.

5. காலி பண்ணு: உள்ளே தேங்கி நிற்கிற சக்தியை வெளியேற்று.

6. டெஸ்ட் பண்ணு: மீட்டரை முதலில் லைன் இருக்கிற இடத்தில் வைத்துப் பார். அப்புறம் வேலை செய்யப்போகிற இடத்தில் பார். மறுபடி லைன் இருக்கிற இடத்தில் பார். மீட்டரே செத்துப் போயிருந்தால் ‘லைன் இல்ல’ என்று பொய் சொல்லுமே! நியான் டெஸ்டரை நம்பிக் கையை வைப்பது இதில் சேர்த்தி இல்லை.

இதில் நிறையப் பேர் தாண்டிப் போவது ஐந்தாவது ஸ்டெப்பைத்தான். கார்டிங் மெஷினின் பெரிய சிலிண்டர், கரண்ட் போன பிறகும் சில நிமிஷம் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஸ்டு ஏர் லைனில் பிரஷர் நிற்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவுக்குள் இருக்கிற கெபாசிட்டர், 415 வோல்ட் ஏசியை வாங்கிச் சுமார் 580 வோல்ட் டிசியாகச் சேர்த்து வைத்திருக்கும். ‘ஆஃப் செய்தபின் இத்தனை நிமிடம் காத்திருக்கவும்’ என்று டிரைவ் மூடியிலேயே ஒட்டியிருப்பது அழகுக்கு இல்லை.

ஒரு காகிதம் கண்ணில் படாததால்...

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு மேடை. அங்கே இரண்டு பம்புகளில் ஒன்று மெயின்டனன்ஸுக்காக நிறுத்தப்பட்டு, கரண்ட்டும் துண்டிக்கப்பட்டிருந்தது. அதே பம்பின் சேஃப்டி வால்வையும் வேறு ஒரு குழு கழற்றி எடுத்துப் போயிருந்தது. அதற்குத் தனி பர்மிட்.

ராத்திரி இன்னொரு பம்ப் நின்றுவிட்டது. ஷிப்ட் மாறி வந்தவர்களுக்குப் பம்ப் ரிப்பேர் பர்மிட் தெரியும். வால்வ் கழற்றின விஷயம் தெரியாது. ‘ரிப்பேர்தான் இன்னும் ஆரம்பிக்கலையே’ என்று கரண்ட்டைத் திரும்பக் கொடுத்து ஓட்டினார்கள். வால்வ் இருந்த இடத்திலிருந்து வாயு கசிந்து வெடித்தது என்பதுதான் விசாரணையில் தெரியவந்த, மிகவும் சாத்தியமான காரணம். 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு 1990-ல் கொடுத்த அறிக்கையில் 106 பரிந்துரைகள்.

அங்கே கரண்ட்டைத் துண்டிக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. வேலை செய்த ஒவ்வொரு குழுவின் பூட்டும் அந்த ஸ்விட்சில் தொங்கவில்லை, விஷயம் ஷிப்ட் விட்டு ஷிப்ட் போகவில்லை. பூட்டு என்பது வெறும் இரும்பு இல்லை, ‘நான் இன்னும் உள்ளே இருக்கேன்’ என்று ஒரு ஆள் விட்டுப்போகிற தகவல்!

கையெழுத்து வாங்குவது பயிற்சி ஆகுமா?

அமெரிக்காவில் 1989-ல் வந்த லோட்டோ விதி ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. பூட்டுப் போடுகிறவருக்கு மட்டுமல்ல, அந்த மெஷினை ஓட்டுகிறவருக்கும் பயிற்சி வேணும். நம்ம சீன்ல ஹெல்பர் தம்பி ஞாபகம் இருக்கா? அவரும் லிஸ்ட்டில் உண்டு. மெஷின் மாறினால், முறை மாறினால் மறுபடி பயிற்சி. வருஷத்துக்கு ஒருமுறையாவது நேரில் நின்று சரிபார்ப்பு.

ஆனா ப்ரொஜக்டரில் நாற்பது ஸ்லைடு ஓட்டி, டீ கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? நீச்சலைக் கரும்பலகையில் சொல்லித்தர முடியாது. அவரவர் மெஷின் முன்னால் நிற்க வைத்து, அவர் கையால் ஐசொலேட்டரை இறக்கி, அவர் பூட்டைப் போட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘ஓடலை’ என்று அவரே பார்க்கணும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை பார்க்கிற தம்பிகளுக்குத் தமிழ் அட்டையும் இங்கிலீஷ் அட்டையும் ஒண்ணுதான். அவர்கள் மொழியில் சொன்னால்தான் அது பயிற்சி. கான்ட்ராக்ட் ஆள் என்பதற்காகப் பூட்டு கிடையாது என்றால், அவர் உயிருக்கும் கான்ட்ராக்ட்தானா?

இன்னொண்ணு. எலக்ட்ரிகல் லேப் சுவரில் ஷாக் அடித்தவருக்கு முதலுதவி சார்ட் தொங்குமே, பார்த்திருக்கீங்களா? சில பழைய சார்ட்டில் ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்குகிற படம் இருக்கும். அந்த முறை காலாவதியாகி வருஷக்கணக்காச்சு. இப்போது முதலில் சப்ளையைத் துண்டிக்கணும், தொட்டுவிடக் கூடாது. 108-க்கு போன். பேச்சு மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்கணும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

நமக்கு எதுக்கு பாஸ் இதெல்லாம்?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு படிக்கிற நண்பனைக் கேளுங்க, அவனுக்கு ஆரம்பப் பாடமே பாதுகாப்புதான். நாம நாலு வருஷம் மோட்டாரைப் பற்றிப் படிக்கிறோம், அதைப் பூட்டுவது பற்றி எத்தனை மணி நேரம் படிக்கிறோம்? நாளைக்கு டிரெய்னி இன்ஜினீயரா போனதும், பர்மிட்டில் கையெழுத்துப் போடுகிற இடம் நமக்குத்தான் வரும். புரொடக்‌ஷன் நிற்கும்போது ‘இன்னும் எவ்ளோ நேரம்ணே?’ என்று ஃபிட்டர் அண்ணனை அவசரப்படுத்தப் போகிற வாயும் நம்முடையதுதான். ‘ரெண்டு நிமிஷ வேலைதான் சார், பூட்டெல்லாம் எதுக்கு’ என்று அவர் சொன்னால், அந்த ரெண்டு நிமிஷத்தை அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியவரும் நாமதான்.

அடுத்த இன்-பிளான்ட் டிரெய்னிங்கில் கேன்டீன் எப்படி என்று விசாரிப்பதோடு, மூணே மூணு கேள்வி கேளுங்க. இங்கே ஆளுக்கு ஒரு பூட்டு உண்டா? கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டா? பூட்டு போட்டவர் வீட்டுக்குப் போயிட்டா, அதை யார், எப்படித் திறப்பார்கள்?

மூணாவது கேள்விக்கு ‘ஹேக்ஸா பிளேடு’ என்று பதில் வந்தால், அந்தக் கம்பெனியில் பூட்டு இருக்கிறது, பாதுகாப்பு இல்லை!