என்பு காட்டும் வேர்

மரத்தை வெட்டினாலும் வேர் எஞ்சின் மீண்டும் துளிர்க்கும். மூக்கினுள்ளும் அதனையடுத்த காற்றறைகளிலும் தோன்றும் ‘தலைகீழ்ப் பப்பிலோமா’ என்னும் கட்டியின் இயல்பும் இதுவே. வெளிநோக்கி வளராது, அடித்திசுவினுள் மடிந்து வளர்வதால் இப்பெயர் பெற்றது. ஐம்பதை அண்டிய ஆண்களிடம் இது மிகுதி. புற்றுநோயன்று, ஆயினும் நூற்றுவருள் 5 முதல் 15 பேர் வரையில் புற்றாக மாறலாம்.

இக்கட்டி வேரூன்றிய இடத்தில் என்பு தடித்து, சிறு மேடாகவோ முள்ளாகவோ எழுவதுண்டு. சி.ரி. படத்தில் புலப்படும் அம்மேடே வேரின் இருப்பிடத்தைச் சத்திரவைத்தியருக்கு உணர்த்துகின்றது. கட்டியை மட்டும் அகற்றி, அவ்வென்பைச் சீவாது விட்டால் நோய் மீளக்கூடும்.

ஆகவே, ஒருபக்க மூக்கடைப்பு நெடுநாள் நீடிப்பின், வெறுந் தடிமன் என்றெண்ணி வாளாவிராது வைத்தியரை நாடுதல் நன்று.