மனச்சோர்வுக்கு எந்த மருந்து? கம்ப்யூட்டர் சொல்லுமா?

மனச்சோர்வு என்று டாக்டரிடம் போகிறவருக்கு ஒரு மாத்திரை தரப்படுகிறது. அது கேட்கிறதா என்று தெரியவே சில வாரங்கள் ஆகும். கேட்காவிட்டால் வேறு மாத்திரை, மறுபடியும் காத்திருப்பு. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஸ்டார்-டி ஆய்வு முடிவுகளின்படி, முதல் மருந்திலேயே குணமடைந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். தூக்கமின்றித் தவிப்பவருக்கு இந்தக் காத்திருப்பு சின்ன விஷயமல்ல.

மூளையைப் படம் எடுத்து, பொருத்தமான மருந்தை முதலிலேயே தேர்ந்தெடுக்க முடியாதா? அதற்குத்தான் கம்ப்யூட்டர் வருகிறது.

உங்கள் மானிட்டரில் தெரியும் படம் பிக்சல் என்னும் புள்ளிகளால் ஆனது. பிக்சலுக்குக் கனமும் சேர்த்துக் குட்டிப் பெட்டியாக்கினால் அது வாக்சல். எப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையைப் பல்லாயிரம் வாக்சல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரத்தத்தின் ஆக்சிஜன் மாறுவதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அளக்கிறது. வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அவ்வளவுதான், எண்ணங்களைப் படிக்கும் மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள்!

இந்த டேட்டாவை மனிதர் உட்கார்ந்து ஒப்பிட முடியாது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லியான் வில்லியம்ஸ் குழுவினர், மனச்சோர்வு, பதற்றம் உள்ள 801 பேரின் ஸ்கேன்களை சாப்ட்வேரிடம் கொடுத்தனர். யார் எந்த வகை என்று சொல்லித் தரவில்லை. கலந்து கிடக்கும் போட்டோக்களை ஜாடை பார்த்து அடுக்குவதுபோல், அது ஆறு வகையாகப் பிரித்தது. அவர்களில் 250 பேருக்கு மூன்று மருந்துகளில் ஒன்றோ பேச்சு வழிச் சிகிச்சையோ தரப்பட்டது. சிந்தனைக்கான பகுதிகள் மிகையாக இயங்கும் வகையினருக்கு, மற்ற வகையினரைவிட வென்லாபாக்சின் நன்றாகக் கேட்டது. இது 2024-ல் வெளியானது.

உடனே நம்பிவிடலாமா? 2017-ல் இன்னொரு குழு நான்கு வகை என்றது. 2019-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேறு நோயாளிகளிடம் அதே முறையைச் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. வாக்சல்கள் பல்லாயிரம், ஆட்கள் சில நூறு என்றால், தற்செயலான ஒற்றுமையும் விதிபோல் தெரியும். 2009-ல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனரில் வைத்து மனிதர் படங்களைக் காட்டினார்கள். கணக்கில் தேவையான திருத்தம் செய்யாதபோது, அதன் மூளையும் 'வேலை செய்வதாக' வந்தது!

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தந்த சிடி வீட்டில் இருக்கிறதே, அதை வைத்து இப்படிப் பார்க்கலாமா? முடியாது. வழக்கமாக அதில் இருப்பது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். கட்டி, ரத்தக் கசிவு போன்றவை அதில் தெரியும். எந்த மாத்திரை கேட்கும் என்பது தெரியாது.