குணம் என்று சொல்லி முடித்துவிடுவது

எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம், 'அவ காலைல ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி' என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குப் போனால் நேர்மாறான கதை கிடைக்கும். 1929இல் மறைந்த சேஷாத்ரி சுவாமிகள் கடைக்குள் புகுந்து சாமானை வாரி இறைத்தால் வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் மகிழ்ந்தார்களாம். அவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது என் நோக்கமல்ல. ஒருவரின் நிலையின்மையை அருள் என்றும் இன்னொருத்தியுடையதைத் திமிர் என்றும் வாசிக்கிற வாசிப்புதான் பிரச்சினை.

மருத்துவம் 'எல்லைநிலை ஆளுமைக் கோளாறு' என்கிறது. ('விளிம்புநிலை' என்றும் மொழிபெயர்க்கிறார்கள், நம்மிடையே அச்சொல்லின் அரசியல் வேறு என்பதால் தவிர்க்கிறேன்.) 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் இப்பெயரைக் கையாண்டபோது நியூரோசிஸ், சைக்கோசிஸ் இரண்டிலும் அடங்காதவர்கள் என்றே பொருள். எல்லை, மருத்துவரின் வகைப்பாட்டில் இருந்தது. அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது 1980இல்.

இருதுருவக் கோளாறோடு இதைக் குழப்பிக்கொள்கிறோம். அங்கே எழுச்சியும் சோர்வும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இங்கே பெரும்பாலும் சில மணி நேரம்தான். தூண்டுவது அநேகமாக ஓர் உறவு: வருகிறேன் என்றவர் வராதது, பேச்சில் ஒரு சின்ன விலகல். நமக்கு அற்பம், அவளுக்கு அது கைவிடப்படுதல். உணர்ச்சி சட்டென்று பற்றி உச்சத்துக்குப் போகிறது, தணிய வெகுநேரமாகிறது, தணியுமுன் அடுத்தது. பார்ப்பவன் 'நடிக்கிறா' என்கிறான்.

மார்ஷா லினெஹன் இரண்டைச் சேர்த்துப் பார்க்கிறார்: உடலோடு வந்த உணர்ச்சிக்கூர்மை, அவ்வுணர்ச்சியை ஓயாமல் மறுக்கும் சூழல். 'இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா' என்றே கேட்டு வளரும் குழந்தைக்குத் தன் உணர்ச்சியை நம்பவும் தெரிவதில்லை, தணிக்கவும் தெரிவதில்லை. பதின்வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் லினெஹன் வெளிப்படையாகச் சொன்னார். அவர் உருவாக்கிய சிகிச்சை, உன் வலி நிஜம் என்பதையும் நீ மாற வேண்டும் என்பதையும் ஒருசேரச் சொல்கிறது. மாத்திரை துணைக்குத்தான்.

'குட்டி பூர்ஷ்வா சஞ்சலம்' என்று தோழர்கள் ஒதுக்கியதைக் கேட்டிருக்கிறேன். பூக்கோவைப் படித்துவிட்டு 'நோயே ஒரு கட்டமைப்புதானே' என்பவர்களும் உண்டு. இரண்டுமே அந்த 'யாராச்சும் அழுவாங்களா'வின் படித்த வடிவங்கள். சிகிச்சைக்கு வருவோரில் பெண்களே அதிகம் என்பது உண்மை. ஆனால் பொதுமக்களிடையே நடந்த பெரிய ஆய்வொன்றில் ஆண்-பெண் வித்தியாசம் அவ்வளவாக இல்லை. ஆணின் கொந்தளிப்புக்குக் கோபம், குடி என்று வேறு பெயர்கள் தயாராக இருக்கின்றன.

பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வுகளில் பெரும்பாலோர் இந்நோயின் வரையறையைத் தாண்டி வந்திருக்கிறார்கள். ஊரோ 'ஆளுமை' என்பதை மாறாத குணம் என்றே படிக்கிறது.